சிவப்பு மையில் அடித்த மூன்று பெயர்கள்

ஜனவரி 6, 2025, திங்கள்

இன்று முன்னாள் மாணவர் வாரத்தின் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். என்னை யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் பதிவாளர் வைரவசுந்தரம் எழுந்து, "மங்கையர்க்கரசி மேடம் மே மாசம் ரிடையர் ஆகுறாங்க. போறதுக்கு முன்னாடி பல்கலைக்கழகத்துக்கு ஒரு நல்ல காரியம் செஞ்சிட்டுப் போகட்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முப்பத்தோரு வருடம் புள்ளியியல் நடத்தியது நல்ல காரியத்தில் சேராது போலிருக்கிறது.

தென்வெள்ளாறு பல்கலைக்கழகத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. பிப்ரவரி 17 முதல் 22 வரை ஆறு நாள் விழா. முதல் நாள் தொடக்கம், அதன்பிறகு நாளுக்கு ஒரு பத்தாண்டாகப் பழைய மாணவர்கள் வருவார்கள். விழா முடிந்ததும் மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். ஆகஸ்டில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது; அவர்களிடம் காட்டத்தான் இத்தனையும்.

கூட்டம் முடிந்ததும் பதிவாளர் ஒரு கோப்பை நீட்டினார். மதிப்பீட்டு அறிக்கையாம். "கலந்துகொண்டவர்களில் 96 விழுக்காட்டினர் மிகுந்த திருப்தி தெரிவித்தனர்" என்று இறந்தகாலத்தில் இருக்கிறது. விழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

"சார், இன்னும் ஒருத்தர்கூட வரலையே?"

"போன வருஷ டெம்ப்ளேட் மேடம். நம்பரை மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி மாத்திக்கங்க."

கோப்பை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். படிவத்தை நான்தான் தயாரிப்பேன், எண்ணுவதும் நான்தான் என்று சொன்னேன். சிரித்தார். நான் கோபப்படுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்த வளாகத்தில் கூடிக்கொண்டே போகிறார்கள்.

ஜனவரி 9, வியாழன்

முன்னாள் மாணவர் பிரிவில் இருப்பது ஒரே ஒருவர், உதவியாளர் சிக்கந்தர். பத்தொன்பது வருட சர்வீஸ். யார் என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால் பதவி உயர்வே இல்லாமல் இருக்கிறார்.

முகவரிப் பட்டியலில் ஓர் ஓட்டை. எண்பதுகளின் பட்டமளிப்புப் பதிவேடுகள் கஜா புயலின்போது கூரை பிய்ந்து நனைந்து பொத்தலாகிவிட்டன. "அப்ப எண்பதுகளுக்கு எதை வச்சு அனுப்புறது?" என்றேன்.

"சேர்க்கைப் பதிவேட்டோட ஜெராக்ஸ் இருக்கு மேடம். உள்ள வந்தவங்க எல்லார் பேரும் அதுல இருக்கும். வெளிய போனப்ப பட்டத்தோட போனாங்களா இல்லையான்னு மட்டும் இருக்காது."

"பரவாயில்லை, அடிங்க" என்றேன். உள்ளே வந்தவர்கள் எல்லோரும் நம்மவர்கள்தானே.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒருத்திக்கு வைப்பது எளிது, அரை ஆழாக்கு போதும். போனில் ஐந்து பேர் வாழ்த்துச் சொன்னார்கள். அதில் மூன்று பேர் மேடையில் தங்களுக்குப் பொன்னாடை உண்டா என்று விசாரித்தார்கள்.

ஜனவரி 22, புதன்

2,860 அழைப்பிதழ்கள் தபாலில் போயின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பதில் அட்டை. நாக்கால் ஒட்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே நாக்கு வறண்டுவிட்டது.

ஜனவரி 30, வியாழன்

பதில் அட்டைகள் வரத் தொடங்கிவிட்டன. இன்று நாற்பத்திரண்டு. ஒருவர் சைவச் சாப்பாடு என்று மூன்று முறை அடிக்கோடிட்டிருக்கிறார்.

ஒரு அட்டையை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர்: அ. சகாயராணி. படிப்பு: எம்.எஸ்சி. புள்ளியியல், 1986–88. பட்டம் பெற்ற ஆண்டு: நீங்கள்தான் சொல்ல வேண்டும். வருகை: வருகிறேன். உடன் வருபவர்: ஜுலைகா பீவி, அவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. குறிப்பு: உமையாளுக்கு அனுப்பியது திரும்பி வரும். அவள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

சிக்கந்தர் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பிற்பகல் வகுப்பில் ஒரு சூத்திரத்தைத் தப்பாக எழுதி, பிள்ளைகள் சொல்லித் திருத்தினேன்.

ஜனவரி 31, வெள்ளி

விஷயம் வெடித்துவிட்டது. காரணம் சிக்கந்தரின் நல்ல குணம்தான். அடையாள அட்டையில் பட்டம் பெற்ற ஆண்டு அச்சாக வேண்டும், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் வாங்காது. சகாயராணி, ஜுலைகா இருவருக்கும் என்ன போடுவது என்று நேரே பதிவாளர் அலுவலகத்துக்கே போய்க் கேட்டிருக்கிறார்.

மூலப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். அதில் மூன்று பெயர்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. ஜெராக்ஸில் அந்தச் சிவப்புக் கோடு விழவே இல்லை.

பதிவாளர் 1988ஆம் ஆண்டின் ஆட்சிக்குழுத் தீர்மானத்தை என் முன் வைத்தார். சகாயராணி, உமையாள், ஜுலைகா பீவி ஆகிய மூவரும் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்படுகிறார்கள். வளாகத்துக்குள் நுழையவும் தடை விதிக்கப்படுகிறது. முப்பத்தேழு வருடமாக அதை யாரும் ரத்து செய்யவில்லை.

"மூணே மூணு வரி போதும் மேடம். அழைப்பு தவறுதலாக அனுப்பப்பட்டது, வருந்துகிறோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"போட மாட்டேன்."

"இதுல உங்களுக்கு என்ன மேடம் வந்துச்சு?"

"அழைப்பிதழ்ல ஒருங்கிணைப்பாளர்னு என் பேர்தான் இருக்கு. வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டுட்டு, வாசல்ல வச்சு வராதீங்கன்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்ல."

நான் சொன்ன கடைசி வாக்கியம் அவ்வளவு உண்மையில்லை. அது இருக்கட்டும்.

பின்னால் படிப்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் நூலகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஆனால் பெண்கள் விடுதியை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆகவே ஒன்பது வரை நூலகம் என்பது ஆண்களுக்குத்தான். 1988 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, பத்து மாணவிகள் ஆறு மணிக்கு எழுந்து போக மறுத்து நூலகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மொத்தம் ஒரு மணி நேரம். சத்தம் போடவில்லை, கோஷம் இல்லை, புத்தகம்தான் படித்தார்கள். நான்கு நாள் கழித்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். ஏழு பேர் கொடுத்தார்கள். மூன்று பேர் கொடுக்கவில்லை. கடைசித் தேர்வுக்கு இரண்டு மாதமே இருந்தபோது அந்த மூவரும் வெளியே போனார்கள். நான் அப்போது அதே விடுதியில்தான் இருந்தேன்.

இப்போது விழா மலரில் ஒரு முழுப் பக்கம் வருகிறது: "மகளிருக்கு இரவு ஒன்பது வரை நூலகம், நமது பெருமை." வண்ணப் படத்துடன்.

பிப்ரவரி 3, திங்கள்

சிக்கந்தருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். தகுதியற்ற நபர்களின் பெயரைச் சேர்த்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் வேண்டுமாம். மனிதர் வெளிறிப் போய் வந்து நின்றார்.

"தப்பு என்னோடதுதான மேடம். மூலத்தைப் பாத்திருக்கணும். வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதுனீங்கன்னா நான் உங்ககூடப் பேச மாட்டேன்" என்றேன். அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்க வேண்டியதில்லை.

அந்த மூன்று பெயர்களையும் தெரிந்தே சேர்க்கச் சொன்னது நான்தான், வாய்மொழி உத்தரவு, சிக்கந்தருக்கு இதில் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பொய்தான். ஆனால் இந்த அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுத்த பொய்களில் இது ஒன்றுதான் இன்னொருவரைக் காப்பாற்றியிருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். மூன்று முறை எடுத்து வைத்துவிட்டு நான்காவது முறைதான்.

"ராணி இ-சேவை மையம், சொல்லுங்க."

"சகாயம், நான் மங்கை பேசுறேன்."

அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றபிறகுதான் பேசினாள்.

"சொல்லுங்க. நல்லா இருக்கீங்களா?"

ஒரே அறையில் ஒன்றரை வருடம் ஒரே வாளியில் தண்ணீர் பிடித்தவள் என்னை நீங்கள் என்கிறாள். தடை இருப்பதைச் சொன்னேன். வாசலில் நிறுத்தப் பார்ப்பார்கள், எது நடந்தாலும் நான் அங்கே நிற்பேன் என்றேன்.

"நீங்க நிப்பீங்களா?" என்று கேட்டாள். கிண்டலா கேள்வியா என்று தெரியவில்லை. "சரி, வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

தொடக்க விழா. குத்துவிளக்கின் ஐந்து முகத்துக்கு ஒன்பது பிரமுகர்கள். காற்றில் இரண்டு முறை அணைந்தது. துணைவேந்தர், "தாய் வீட்டுக்கு வந்த பிள்ளைகளே" என்று தொடங்கி நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். வரிசையாகத் தூங்கினார்கள். என் படிவத்தில் "உரைகளின் நீளம்" என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதை எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுபதுகளின் நாள். மயங்கி விழுந்தவர் ஒருவர், வெயில்தான், நலம். கேசரி போதவில்லை.

பிப்ரவரி 19, புதன்

எண்பதுகளின் நாள். எட்டரை மணிக்கே சிக்கந்தரோடு பிரதான வாயிலுக்குப் போய்விட்டேன். காவலரிடம் ஒரு தாள் இருந்தது. அதில் இரண்டே பெயர்கள், கீழே பதிவாளரின் கையெழுத்து.

ஒன்பதேகாலுக்கு அறந்தாங்கி பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். சகாயம் தலை முழுக்க நரைத்திருந்தாள், சாயம் பூசவில்லை. நடை மட்டும் அதே வேக நடை. ஜுலைகா கைத்தடியோடு பின்னால் வந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். சகாயம் பிடிக்கவில்லை.

காவலர் தாளைப் பார்த்தார், அழைப்பிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், பேட்ஜ் இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. இவங்க ரெண்டு பேருக்கும் பேட்ஜ் அடிக்கவே இல்லைங்களே."

"பேட்ஜ் இருந்தா?"

"இருந்தா விட்ருவேன். ஒருங்கிணைப்பாளர், விழாக்குழு, முன்னாள் மாணவர், எது இருந்தாலும் சரி."

என் கழுத்தில் இருந்ததைக் கழற்றிச் சகாயத்தின் கழுத்தில் மாட்டினேன். "ஒருங்கிணைப்பாளர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சிக்கந்தர் தன்னுடையதைக் கழற்றி ஜுலைகாவுக்குப் போட்டுவிட்டார். காவலர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து வழிவிட்டார். இப்போது பேட்ஜ் இல்லாமல் வெளியே நிற்பது நானும் சிக்கந்தரும்.

"எங்களை விடுவீங்களா?" என்றேன்.

"உங்கள எனக்குத் தெரியாதுங்களா மேடம்" என்று சிரித்தார்.

பதிவாளர் அரங்கத்தின் வாசலில் எங்களைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "மேடம், நீங்க எல்லை மீறிட்டீங்க" என்றார். "ஆமா சார்" என்றேன். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

நினைவுகளைப் பகிரும் நேரம் ஆளுக்கு இரண்டு நிமிடம். கிரிக்கெட், விடுதி உப்புமா, வாத்தியார் பட்டப்பெயர் என்று போய்க்கொண்டிருந்தது. சகாயம் எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"என் பேரு சகாயராணி. நான் இந்தப் பல்கலைக்கழகத்து லைப்ரரியில ஆறு மணிக்கு மேல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். அதுக்காக வெளிய அனுப்பிட்டாங்க. இன்னிக்குப் பிள்ளைங்க அங்க ஒம்போது மணி வரைக்கும் படிக்குதுன்னு உங்க மலர்ல பார்த்தேன். சந்தோஷம். அது எப்படி வந்துச்சுன்னு மலர்ல போடல, அதனால நானே சொல்லிட்டுப் போறேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை. முதலில் பின்வரிசைப் பெண்கள் எழுந்து கைதட்டினார்கள், பிறகு எல்லோரும். நானும் தட்டினேன். பெருமையாக இருந்தது, உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்தாள். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்த லெட்டர்ல என்னதான் எழுதியிருந்தீங்க? எங்க மூணு பேருக்கும் அத யாரும் காட்டவே இல்ல."

பாயசம் வாங்கி வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. பருப்புப் பாயசம்.

பிப்ரவரி 20, வியாழன்

தொண்ணூறுகளின் நாள். எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

விழா முடிந்துவிட்டது. மொத்தம் 1,314 பேர் வந்தார்கள். நிரப்பித் திரும்பிய படிவங்கள் 407. காலையில் அலுவலகத்துக்குப் போனால் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து வெற்றுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நீலப் பேனா இரண்டு பேர், கறுப்புப் பேனா இரண்டு பேர், வித்தியாசம் தெரிய வேண்டுமாம். எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து.

படிவங்களைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நானூற்றியேழை மட்டும் உட்கார்ந்து எண்ணினேன். சராசரி 3.4. உரைகளின் நீளத்துக்கு 1.2. கழிப்பறைக்கு அதைவிடக் குறைவு. இதுதான் அறிக்கையில் போகும். புள்ளியியல்காரிக்குக் கிடைத்த எண்தான் எண்.

சகாயத்தின் படிவமும் இருந்தது. உணவு: 5. வரவேற்பு: 1, அதை அடித்துவிட்டு 3. "எதிர்காலத்துக்கான தங்கள் பரிந்துரை" என்ற இடத்தில், அந்தக் கடிதத்தை ஒரு தடவை படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆவண அறையிலிருந்து 1988ஆம் ஆண்டுக் கோப்பை எடுத்தேன். சிக்கந்தர் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, கேட்காமலே வெளியே போய் நின்றுகொண்டார்.

கடிதம் இருக்கிறது. காகிதம் பழுத்திருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. ஒரு பத்தியைப் பார்த்து எழுதுகிறேன்.

"கடந்த 12ஆம் தேதி மாலை நாங்கள் விடுதி விதியை மீறி நூலகத்தில் தங்கியது, சக மாணவியர் சகாயராணி, உமையாள், ஜுலைகா பீவி ஆகியோரின் தூண்டுதலால் மட்டுமே. அவர்களின் நோக்கம் அறியாது ஏமாந்துவிட்டோம்."

கீழே ஏழு கையெழுத்துகள். முதல் கையெழுத்து என்னுடையது. கடிதத்தின் எழுத்தும் என்னுடையது.

இத்தனை நாள் இந்த நோட்டிலேயே சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன், இனி என்ன இருக்கிறது. அன்று மாலை நூலகத்தில் உட்காரலாம் என்று முதலில் சொன்னது நான். அறை அறையாகப் போய்க் கூப்பிட்டது நான். சகாயம் மறுநாள் செய்முறைத் தேர்வு இருக்கிறது, வரவில்லை என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனதும் நான்தான்.

வார்டன் கேட்டது நான்கு வரி மன்னிப்பு மட்டும். அப்பாவுக்குத் தந்தி போய்விட்டது, அவர் பஸ் ஏறிவிட்டார் என்ற பயத்தில் இருந்தேன். தொடங்கியது யார் என்று நாளை கேட்பார்களே என்று தோன்றியது. கேட்பதற்கு முன்பே நான் பதில் எழுதிவிட்டேன். "தூண்டுதல்" என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆட்சிக்குழுத் தீர்மானத்தை மறுபடி படித்தேன். "மாணவியர் எழுவர் அளித்த கடிதத்தின் அடிப்படையில்" என்றிருக்கிறது. அந்த மூன்று பேரை வெளியே அனுப்ப அவர்களிடம் வேறு எந்தச் சான்றும் இருந்திருக்கவில்லை.

ஜெராக்ஸ் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

எனக்கும் மெமோ வந்துவிட்டது. மூன்று கேள்விகள். ஒன்று, தடைசெய்யப்பட்ட நபர்களை அழைக்கத் தூண்டியது யார்? இரண்டு, ஒருங்கிணைப்பாளரின் அடையாள அட்டையை மாற்றிக் கொடுத்தது ஏன்? மூன்று, மதிப்பீட்டுப் படிவங்களைப் பூட்டி வைத்தது ஏன்?

பதிவாளர் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கெட்டவர் இல்லை. பயப்படுகிறவர்.

"மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஆட்சிக்குழுவுல கோபமா இருக்காங்க. முன்ன குடுத்த கடிதத்தத் திருப்பி வாங்கிக்கிட்டு, ஒரே ஒரு பாரா எழுதிக் குடுங்க. சிக்கந்தர் சேர்த்துட்டார், கவனிக்காம விட்டேன், வருந்துகிறேன்னு. கோப்பை மூடிரலாம். இல்லேன்னா மே 31 அன்னிக்கு உங்கள ரிடையர் ஆகவே விட மாட்டாங்க."

தெரியும். ஓய்வு பெறும் நாளில் சஸ்பெண்ட் செய்வது நம் அலுவலகங்களுக்குக் கைவந்த கலை. மாலை நான்கு மணிக்கு உத்தரவு வரும், வாங்கி வைத்த மாலையைத் திருப்பி எடுத்துப் போவார்கள். அதன்பிறகு வருடக்கணக்கில் விசாரணை.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தப் பாராவின் முதல் வாக்கியம் மனத்தில் தானாக உருவாகிவிட்டது. அழகாகவும் இருந்தது. என்னைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

மார்ச் 8, சனி

மகளிர் தினக் கொண்டாட்டம், கோலப் போட்டி. போகவில்லை. அறந்தாங்கிக்கு பஸ் ஏறினேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சின்னக் கடை. இ-சேவை, ஜெராக்ஸ், லேமினேஷன். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சகாயம் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"உக்காருங்க. இந்த அம்மாவுக்கு வருமானச் சான்றிதழ் போட்டுட்டு வந்துர்றேன்."

கடை காலியாக ஒரு மணி நேரம் ஆனது. ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். விண்ணப்பம் சரிபார்ப்பதுபோல் பேனா முனையை வரி வரியாக நகர்த்திப் படித்தாள். ஓர் இடத்தில் பேனா நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"தெரியுது. நீ சொல்றியான்னு பார்த்தேன்."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"முப்பத்தேழு வருஷமா நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா? ஒங்கப்பாவுக்குப் பயந்து, அழுதுகிட்டே, அவங்க சொல்லச் சொல்ல எழுதியிருப்பன்னு. பாவம் மங்கைன்னுகூட நெனச்சிருக்கேன். இது அழுதவ எழுத்தாடி? பத்தி பிரிச்சிருக்க. ஒரு அடித்தல் திருத்தல் கெடயாது. எந்தப் பேரு மொதல்ல வரணும்னுகூட யோசிச்சிருக்க."

"சகாயம், என்னை..."

"நிறுத்து. மன்னிப்பு மட்டும் கேட்டுராத. அது ஒனக்கு ரொம்ப நல்லா எழுத வரும்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அவள் எதிரே அழும் உரிமையும் எனக்கு இல்லை என்று தோன்றியது.

"என்ன செய்யணும்னு சொல்லு, செய்யுறேன்" என்றேன். "பட்டம் வாங்கித் தரச் சொல்லிப் போராடவா?"

"அறுபது வயசுல பட்டத்த வச்சு நான் எந்தப் பரீட்சை எழுதப்போறேன்? உமையாள் சாகுறப்பகூட அந்தத் தீர்மானத்துல அவ பேரு இருந்துச்சு. ஊரக் கெடுத்தவன்னு. அதுல இருந்து எங்க மூணு பேரையும் எடுக்கணும். அதுக்கு நான் சொன்னா எவன் கேப்பான்?"

மெமோவை எடுத்துக் காட்டினேன். பதிவாளர் சொன்னதையும் மே 31ஐயும் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. தொழில் பார்க்கிற முகத்தோடு மெமோவைப் படித்தாள்.

"மூணு கேள்வி கேட்டிருக்கான். மூணுக்கும் நேரா பதில் சொல்லு. படிவத்துல கேட்டத விட்டுட்டுக் கதை எழுதினா ரிஜெக்ட் ஆயிடும், தெனமும் பாக்குறேன்."

"நாலாவதா ஒன்னு போடணும்."

"கேக்காத கேள்விக்கா?"

"ஆமா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

"சொல்லு. அடிக்கிறேன்."

சொன்னேன். அவள் விரல்கள் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன; நான்காவது பாராவில் மட்டும் ஒருமுறை நின்று, பிறகு ஓடின. அச்செடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்த கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றாள். பஸ் ஏற்றிவிட வந்தாள். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலை பத்தரைக்குப் பதிவாளரிடம் நேரிலேயே கொடுத்தேன். முழுவதும் இது.

"1. அழைக்கத் தூண்டியது நான். உதவியாளர் சிக்கந்தருக்கு இதில் பொறுப்பில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

2. அழைக்கப்பட்ட விருந்தினர் வாசலில் நிற்கக் கூடாது என்பதால் அடையாள அட்டையைக் கொடுத்தேன். மறுபடியும் கொடுப்பேன்.

3. பூட்டி வைத்தவை பொய்யான படிவங்கள். உண்மையான 407 படிவங்களின் முடிவு இணைக்கப்பட்டுள்ளது.

4. இது கேட்கப்படவில்லை. 12-2-1988 மாலை மாணவியரை நூலகத்தில் உட்காரத் தூண்டியவள் நான் ஒருத்தியே. சகாயராணி, உமையாள், ஜுலைகா பீவி ஆகியோர் தூண்டியதாக 16-2-1988 அன்று என் கைப்பட எழுதியது பொய். அந்தக் கடிதத்தின் அடிப்படையில் நிறைவேறிய தீர்மானம் ஆட்சிக்குழுவின் முன் மறுபடி வைக்கப்பட வேண்டும். சாட்சியம் அளிக்கத் தயாராக இருக்கிறேன்."

பதிவாளர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"மேடம், நாலாவத யாரும் கேக்கவே இல்லையே. அத மட்டும் எடுத்துருங்க. மத்த மூணையும் நான் எப்படியாவது சமாளிச்சுக்குறேன்."

"மத்த மூணையும் வேணும்னா எடுத்துக்கங்க சார்" என்றேன். "நாலாவது இருக்கட்டும்."

தபால் பிரிவில் நகலில் முத்திரை வாங்கி, அதைச் சகாயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மே 31க்கு இன்னும் எண்பத்திரண்டு நாள் இருக்கிறது. செய்கிறதைச் செய்யட்டும்.